அப்பாவின் ஹெட்போன்

போர்நிறுத்தம் வந்து ஊருக்குப் பாதை திறந்ததும், கடல் கடந்து ஃபாரஸ்ட் கேட்டில் எங்களோடு இருந்த அப்பா ஒரே பிடியாக நின்றார். "நான் ஊருக்குப் போறன். டிக்கெட்டைப் போடு." ஏன் என்று கேட்டால் அதையே திரும்பவும் சொன்னார். அவருக்குக் காது மந்தம். "சாப்பிட்டீங்களோ" என்பதைக்கூட முகம் சிவக்கக் கத்தித்தான் கேட்பேன். அங்கே தனி வீட்டில் அவரை யார் பார்ப்பது? எனக்குப் பயமாக இருந்தது.

பொழுதுபோகாமல்தான் போகக் கேட்கிறார் என்று நானே முடிவுகட்டினேன். டிவியைக் கம்பியில்லாமல் கேட்கும் அவருடைய ஹெட்போன் பழுதாகிக் கிடந்தது. "புதுசு ஒண்டு வாங்குங்கோவன்," என்றாள் மனைவி. எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்கு ரோசம் வராதா? டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி ஒலியை எஃப்.எம். அலையாக்கிக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அதைத் திரும்பவும் ஒலியாக்கும் பகுதியை ஃபேஸ்-லாக்ட் லூப் என்ற மின்சுற்றை வைத்து நானே கட்டினேன்.

அந்தச் சுற்றின் குணம் எனக்கு எப்போதும் பிடிக்கும். அது தானும் ஓர் அலையை உண்டாக்கி, வருகிற அலையோடு ஒட்டி ஓடப் பார்க்கும். வருவது வேகமெடுத்தால் தானும் வேகமெடுக்கும், தளர்ந்தால் தளரும். அப்படித் தன்னைத் திருத்திக்கொள்ள அது படுகிற பாடுதான் நமக்குக் குரலாகக் கேட்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே வெகுதூரம் விலகி நின்றால் பிடிக்கவே பிடிக்காது. அந்தச் சனிக்கிழமை முழுக்க வெறும் இரைச்சல். எரிச்சலில் ஸ்குரூ டிரைவரை விட்டெறிந்தேன். பிறகு நானே தேடியெடுத்து, என் அலையின் வேகத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். சட்டென்று பிடித்துக்கொண்டது.

அப்பா ஹெட்போனை மாட்டிச் செய்தி முழுவதையும் கேட்டார். "நல்லாக் கேக்குது," என்றார். "டிக்கெட் போட்டிட்டியோ?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஒலியை அனுப்பும் பெட்டியிலிருந்து டிவியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் மகளின் கரோக்கே பெட்டியைச் செருகி மைக்கைக் கையில் எடுத்தேன். இனிக் கத்தத் தேவையில்லை.

"ஏனப்பா போகவேணும் எண்டு நிக்கிறியள்?" மெல்லத்தான் கேட்டேன். "நாங்கள் ஏதும் பிழை விட்டிட்டமோ?"

அப்பா என்னையே பார்த்தார். "திரும்ப ஒருக்காச் சொல்லு."

சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் வந்த நாளிலையிருந்து," என்றார், "இண்டைக்குத்தான் நீ என்னோட ஏசாமக் கதைக்கிறாய்."