அரம் போட்ட கார்டு

சொர்ணவல்லியைப் பற்றி இப்போது விசாரித்தால், கண்டரமாணிக்கத்துத் தச்சர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாக்கப்பட்டவள், வாய்த்துடுக்குக்காரி என்பார்கள். செக்காலை ரோட்டில், என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த அறையில், ஒற்றைக் கம்ப்யூட்டரை வைத்துப் பிள்ளைகளுக்கு அவள் விளையாட்டுக் கடை நடத்தியது யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு இருக்கிறது. வயிற்றெரிச்சலோடு இருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டர் ஓர் ஆச்சி வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து, சலித்துப்போய்த் தள்ளிவிட்டது. பலகார டப்பா உயரந்தான் இருக்கும். தொண்ணூற்றொன்பது கோடை விடுமுறையில் புதிதாக ஒரு கார் பந்தயம் வந்தது. அது இவள் மெஷினில் விக்கி விக்கி ஓடியது. பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அவளுடைய அண்ணன் பொன்னழகு நகை ஆசாரி. தங்கைக்கு வயது ஏறுகிறதே என்று ஒரு கெடு வைத்தார்.

"இந்த லீவுக்குள்ள கடை கால் ஊணலைன்னா, கண்டரமாணிக்கத்துக்காரருக்குச் சரின்னு சொல்லிருவேன்."

அந்த மனிதர் பெண் பார்க்க வந்த அன்று அவள் கையைப் புரட்டிப் பார்த்து, "மாவாட்டிப் பழகுன கைதானா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்.

சொர்ணவல்லி காதில் கிடந்ததை விற்றாள். மதுரைக்குப் போய்க் கூடுதல் ராமும் புது கிராபிக்ஸ் கார்டும் வாங்கி வந்தாள். தானே திருகாணிகளைக் கழற்றி, தானே பொருத்தினாள். நான் டார்ச் பிடித்தேன். கார்டு உள்ளே இறங்கிவிட்டது. ஆனால் அதன் ஓரத்து இரும்புத் தகடு பெட்டியைவிட உயரம், மூடி மூடவில்லை. திறந்தபடியே போட்டுப் பார்த்தோம். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"பெல்சிக்கா, பொழச்சுக்கிட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிள்ளைகள் கை விடுகிற இடத்தில் கரண்டுப் பெட்டியைத் திறந்து வைக்க முடியுமா? தகட்டை அறுத்தால் போதும். நகைப் பட்டறையில் சன்ன ரம்பம் இருக்கிறது. கார்டை எடுத்துக்கொண்டு இருவரும் அண்ணனிடம் போனோம்.

தகட்டைக் கச்சிதமாக அறுத்துக் கொடுத்தார், குறை சொல்ல முடியாது. அப்போதுதான் கார்டின் அடியில் வரிசையாக மின்னிய கீற்றுகளைப் பார்த்தார்.

"என்ன இது, தங்கமா?"

"ஆமாண்ணே. அது வழியாத்தான் மெஷினுக்கும் கார்டுக்கும் தொடுப்பு. அதைத் தொடாதீக."

அண்ணி காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். உள்ளே போனோம். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் அரம் போட்டு, உரைகல்லில் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்ப்பது அவர் தொழில் பழக்கம். நாங்கள் திரும்பி வந்தபோது கீற்றுகளில் பாதி செம்பாகச் சிவந்து கிடந்தது.

"பாத்தியா! மேல முலாம், உள்ள செம்பு. மதுரைக்காரன் உன்னைய நல்லா ஏமாத்திப்புட்டான்!"

வேண்டுமென்றே செய்தாரா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. தங்கையைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினார். அந்தப் பெருமை வழிந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கார்டைப் பொருத்தினாள். திரை இருட்டாகவே கிடந்தது. கழற்றித் துடைத்து மறுபடியும் மறுபடியும் பொருத்தினாள். அரம் போட்ட சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று மதுரைக் கடையில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை.

கல்யாணம் நாட்டரசன்கோட்டையில். மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைத்து, பொன்னழகு அந்தக் கதையை மூன்று தரம் சொன்னார்.

"கம்ப்யூட்டர் படிச்சவ! முலாம் எது, தங்கம் எதுன்னு தெரியலை பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். சொர்ணவல்லி மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் தன் கையால் செய்த தாலி, தட்டில் எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு மணைக்கு வந்தது. மாப்பிள்ளை கை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அரத்தைக் கொண்டாங்க. உள்ளயும் தங்கந்தானான்னு பாத்துட்டுக் கட்டிக்கிறேன்."

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. பொன்னழகின் முகம் கறுத்தது. அவர் தங்கையைப் பார்க்கவே இல்லை, மேளக்காரர்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அவர்களும் ஓங்கிக் கொட்டினார்கள்.