நாற்பத்தொரு வலைப்பதிவுகளுக்கு ஒரு செக்ரோல்

வலைப்பதிவு படிக்க யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன். இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் இலங்கை மலையகத்தில், நோர்வூட் பஜாரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். தினமும் மதியம் ஒரு மணிக்கு அங்கிருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். நான் தொடர்ந்து படிக்கும் வலைப்பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டித் தரும் பக்கம் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால், இன்னும் படிக்காதவை எத்தனை என்று தடித்த எழுத்தில் ஓர் எண் மேலே நிற்கும். முதல் நாள் எழுபதில் விட்டுவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு. நான் தூங்கி எழுவதற்குள் அமெரிக்காவில் எல்லாரும் வரிந்துகட்டிக்கொண்டு எழுதித் தள்ளியிருப்பார்கள்.

எல்லாம் ஒரே விஷயத்தைப் பற்றியவைதான். இன்டர்நெட்டில் வியாபாரம் செய்வது எப்படி, சொந்த வலைப்பதிவில் விளம்பரம் போட்டுப் பிழைப்பது எப்படி, முகம் தெரியாதவனை வாங்க வைப்பது எப்படி. கடையில் என் வேலையோ போட்டோ கொப்பி அடிப்பது, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது, வெளிநாட்டுக்கு கோல் எடுக்க வருகிறவர்களுக்கு நிமிஷம் பார்த்துச் சொல்வது. ஒரு மணிக்கு முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போவார். அந்த ஒரு மணி நேரம் இன்டர்நெட் பார்க்க அவரே அனுமதி கொடுத்திருந்தார்.

"கஸ்டமர் வந்தா எந்திரிச்சிரணும் புள்ள, அம்புட்டுத்தான்" என்றார்.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கி வைத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பாடசாலைக்கு வந்திருந்த ஒரு வாத்தியார். பரீட்சைத் தாள் கொப்பி எடுக்க வந்தவர் கம்ப்யூட்டரில் ஏதோ தேடிவிட்டு, அந்தப் பக்கத்தை மூடாமலேயே எழுந்தார். "இதை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ தங்கச்சி. முதல் போடத் தேவையில்லை, மூளை இருந்தால் காணும்" என்றார். எனக்கு மூளை இருக்கிறது என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. உட்கார்ந்து படித்தேன்.

எனக்கு அது பொழுதுபோக்கு இல்லை. எங்கள் வீடு பொகவந்தலாவைப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தது. லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தமானது. அப்பா இல்லை. அந்தக் காம்பராவிலிருந்து தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தவர் அம்மா மட்டும்தான். அம்மா வேலையை விட்டால் அந்த இடத்தில் நான் பேர் பதிய வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள். இது எங்கள் லயத்தில் எல்லோர் வீட்டிலும் குடியிருந்த பயம். அம்மாவின் வலது முழங்கால் வீங்கி ஒரு வருஷமாகியிருந்தது. காலையில் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவார்.

"ஆறு மாசம் பொறுத்துக்கம்மா" என்று நான்தான் கேட்டேன். "கம்ப்யூட்டர்ல ஒரு வேல படிக்கிறேன். அது கைக்கு வந்துட்டா டவுன்ல ஒரு ரூம் எடுத்துப் போயிருவோம். நீ மலைக்கே போக வேணாம்."

"ஆறு மாசம்னா ஆறு மாசம். நான் என்னா, ஓடியா போறேன்?" என்றார் அம்மா. என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் என்னைப் போட்டு அரித்தது. கேட்டிருந்தால் நாலு பொய் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

வாத்தியார் விட்டுப்போன வலைப்பதிவின் ஓரத்தில், "நான் படிப்பவை" என்று பத்துப் பன்னிரண்டு பேரின் பட்டியல் இருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். ஒருவரையும் விட மனமில்லை. விட்டவரிடம்தான் அந்த ஒரு ரகசியம் இருந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டு மாதத்தில் நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது.

அவர்களோ ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். தினமும் எழுது என்றார் ஒருவர். வாரம் ஒன்று போதும், தினமும் எழுதுகிறவன் முட்டாள் என்றார் அடுத்தவர். விளம்பரம் போடாமல் பிழைக்க முடியாது என்று ஒருவர் சத்தியம் பண்ண, விளம்பரம் போட்டால் மரியாதை போய்விடும் என்று இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார். கடற்கரையில் கட்டைக் காற்சட்டையோடு படம் போட்டிருந்த ஒரு மனிதர், வேலையை இன்றே விடு என்று வாராவாரம் எழுதினார். அவர் அம்மா கொழுந்து எடுத்தாரா, காம்பரா பறிபோகுமா? எனக்குக் கோபம் கோபமாக வரும். ஆனாலும் ஒன்று விடாமல் படித்தேன். நேரம் போதாவிட்டால் வீணாய்ப்போன போட்டோ கொப்பித் தாள்களின் பின்பக்கத்தில் பிரின்ட் எடுத்து, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன்.

சிலர் இமெயிலில் பாடம் அனுப்பினார்கள். என் பேரைச் சொல்லி, "இன்று உன்னை நினைத்துக்கொண்டேன்" என்று ஒருவர் தொடங்கியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலைவெட்டி உள்ள மனிதர், அவ்வளவு தூரத்திலிருந்து என்னை நினைக்கிறார். ஒரு வாரம் கடையில் கம்ப்யூட்டர் பழுதாகி அவருடைய மூன்று பாடங்கள் படிக்காமல் தேங்கிப்போயின. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு ஒரு லீவுக் கடிதம் எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, இயந்திரக் கோளாறினால் பாடங்களைப் படிக்க இயலவில்லை, தயவுசெய்து மன்னிக்கவும், வரும் திங்கட்கிழமைக்குள் முடித்துவிடுகிறேன். மறு நிமிஷமே பதில் வந்தது. பதற்றத்தோடு திறந்தேன். நாலாவது பாடம்.

இயந்திரம்தான் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்று புரிய எனக்கு இன்னும் சில வாரம் எடுத்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் பெரட்டுக்களத்தைப் பார்த்து வளர்ந்தவள். தினமும் காலையில் அங்கே பேர் கூப்பிடுவார்கள். பிந்திப் போனால் திருப்பி அனுப்புவார்கள். சொல்லாமல் நின்றால் மறுநாள் ஏச்சு விழும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். உலகத்தில் எங்கே சேர்ந்தாலும் எவனோ ஒருவன் நம் வரவைக் குறித்துக்கொண்டிருப்பான் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒழுங்கு.

அதே ஒழுங்கில் நானும் ஒரு நோட்டுக் கொப்பி வைத்திருந்தேன். தோட்டத்தில் வரவும் சம்பளமும் குறிக்கும் செக்ரோல் மாதிரியே கோடு போட்டு, இடது பக்கத்தில் நாற்பத்தொரு வலைப்பதிவின் பேர்கள், மேலே தேதிகள். அன்றைக்கு வந்த பதிவை முழுதாகப் படித்தால் முழுப்பேர். பாதி படித்தால் அரைப்பேர். படிக்காவிட்டால் சிவப்பு மையில் ஒரு கோடு. சிவப்பைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. முதலாளி வராத சனிக்கிழமை முழுவதும் கடையில் நின்று சிவப்பையெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

இதற்கிடையில் சொந்தமாக ஒரு வலைப்பதிவும் தொடங்கியிருந்தேன். தேயிலையைப் பற்றி, இங்கிலீஷில். கொழுந்து எடுக்கும் விதம், மழைக்கால இலைக்கும் வெயில்கால இலைக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்ததை எழுதலாம் என்று எண்ணம். ஐந்து மாதத்தில் நாலு பதிவு எழுதியிருந்தேன். ஐந்தாவதைத் தொடங்கும்போதெல்லாம், தலைப்பு வைப்பது எப்படி என்று யாராவது புதிதாக எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமல் எப்படி எழுதுவது?

ஆனி மாதம் மழை பிடித்தது. பாதையில் மண் சரிந்து, டெலிபோன் கம்பி அறுந்து, ஒன்பது நாள் கடையில் இன்டர்நெட் இல்லை. அந்த ஒன்பது நாளும் நான் நானாக இல்லை. பத்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, லைன் வந்தது. படிக்காதவை முந்நூற்று முப்பத்தாறு.

மறுநாள் அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அம்மா வெளியே போனால் கட்டும் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். "அடுத்த சனிக்கிழம போவம்மா, கடையில வேல கெடக்கு" என்றேன்.

"சரி, காலு எங்க போயிரப் போவுது" என்று சேலையை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இருநூற்றுச் சொச்சம் படித்தேன். என்ன படித்தேன் என்று கேட்டால் அன்றைக்கே என்னால் சொல்லியிருக்க முடியாது. புதன்கிழமை அம்மா தேயிலை மலையில் நிறைந்த கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானில் கால் வைத்து விழுந்தார். வலது கால்தான். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து காம்பராவில் விட்டார்கள். எலும்பு முறியவில்லை, ஆனால் முழங்கால் பனங்காய் போல ஆகிவிட்டது. மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். சனிக்கிழமையே கூட்டிப் போயிருந்தால் அவர் அப்போதே ஓய்வு சொல்லியிருப்பார். அதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் படுத்திருந்த அம்மாவின் கையில் ஒருநாள் என் கொப்பி கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கோடுகளைத் தெரியும்.

"செக்ரோலு மாதிரில்ல போட்டுருக்க. யாரு இவங்கல்லாம்?"

"எழுதுறவங்க. நான் படிக்கிறேன்ல, அவங்க."

"இதுல ஒன் பேரு எங்க?"

"என் பேரு இல்லம்மா. நான்தான போடுறேன்."

"அப்ப நீ கணக்கப்பிள்ளையா?" அம்மா சிரித்தார். "நாப்பது பேத்துக்குப் பேரு போடுற. ஒனக்கு யாரு சம்பளம் போடுவா?"

கேலிக்குத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று கொப்பியைப் பிடுங்கினேன். நொண்டிக் கிடந்த மனுஷியிடம் அப்படிப் பாய்ந்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் ஒரு மணிக்கு நான் பதிவுகளைப் படிக்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். நாற்பத்தொரு பேரிடமும் ஒரே கேள்வி: இவர் விற்பது என்ன? முப்பத்தெட்டுப் பேர் விற்றது, விற்பது எப்படி என்னும் பாடத்தை மட்டும்தான். வேறு எதையும் அவர்கள் விற்றதற்கு அடையாளமே இல்லை. பாடத்தை வாங்கியவன் அதே பாடத்தை அடுத்தவனுக்கு விற்க வேண்டும் போலிருக்கிறது. மிஞ்சியவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் வீட்டில் சவர்க்காரம் செய்து விற்கும் ஒரு பெண். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விற்காமல் போனதையும் சேர்த்து எழுதுவார். இன்னொருவர் கடைக்காரர்களுக்கு இன்டர்நெட் பக்கம் எழுதிக் கொடுப்பவர். ஒரு பொருளைப் பற்றி நாலு வரி நேர்மையாக எழுதுவது எப்படி என்பதைத் தவிர வேறு எதையும் பேசமாட்டார். மூன்றாமவர் எழுதுவதை நிறுத்தி ஒரு வருஷமாகியிருந்தது, அதை நான் கவனிக்கக்கூட இல்லை. இரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களையெல்லாம் நீக்கினேன். எண் பூஜ்யத்துக்கு வந்தது. மிச்ச நேரத்தில் என் ஐந்தாவது பதிவை எழுதினேன்.

ஆனால் நான் கேட்ட ஆறு மாதம் அந்த வாரத்தோடு முடிந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு மேல் வேலைக்கு ஆள் வராத காம்பராவாக வைத்திருக்க முடியாது, திங்கட்கிழமை யாராவது ஒருவர் பெரட்டுக்கு வர வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம், "நான் பேரு பதியிறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக்களத்துக்கு நான் முன்னால் போனேன். அம்மா மெதுவாகப் பின்னால் வந்தார். கணக்கப்பிள்ளை புத்தகத்தை விரித்து, "ஆறாம் நம்பர் காம்பரா. யாரு பேரப் போடட்டும்?" என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏம் பேரே இருக்கட்டுங்கய்யா. புள்ளைக்குக் கடையில வேல இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். முழங்காலில் பழைய துணி சுற்றியிருந்தது. முதுகில் கூடை. வீட்டிலிருந்து புறப்படும்போதே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர். பேனாவைத் தாளில் வைக்காமலேயே, "நீ என்னா சொல்ற புள்ள?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன அதே வார்த்தையை இன்னொரு தடவை சொன்னால் போதும். சொல்ல எனக்கு நேரமும் இருந்தது. அம்மா சொன்னதைக் கேட்ட நொடியில் என் நெஞ்சில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதிதான். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதினார்.

என் தேயிலை வலைப்பதிவால் கைக்கு ஏதாவது வந்து சேர இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் அம்மா மலை ஏறினார்.

அன்றைக்கு அம்மா மற்றப் பெண்களோடு, அவர்களுக்குப் பின்தங்கிப் பின்தங்கி, ஏற்றத்தில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஹோர்ன் அடித்தது, ஓடிப் போய் ஏறினேன். சீட் கிடைத்தது. நோர்வூட் வரை உட்கார்ந்துகொண்டே போனேன்.