பிள்ளைக் காம்பராவின் பின்சுவர்

அந்தச் சுவர் விழுந்திருக்குமா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. விழுந்துதான் இருக்கும் என்று ஒரு நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அது நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பேன்.

கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, ஆட்டோ பிடித்து மேலே ஏறினால் எங்கள் கோல்ஃப் மைதானம். முன்பு அது தேயிலைத் தோட்டம். தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புல் நட்டார்கள். கொழுந்து பறித்தவர்களின் மகள்மாரும் மருமகள்மாரும் இப்போது அதே சரிவில் குந்தியிருந்து புல்லுக்குள் களை பிடுங்குகிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் மாறவில்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவும் மாறவில்லை. கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய நீளமான ஒரே அறை, மேலே தகரம்.

என் கணவர் மைதானத்து மேற்பார்வையாளர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பெண்கள் அவரைக் கேலியாகக் கங்காணி என்பார்கள். மேனேஜரைக் கேலியில்லாமல் தொரை என்பார்கள். நான் கண்டியில் ஏ.எல். பரீட்சை வரை படித்தவள், கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவைக்காரி. கிளப் அலுவலகத்தில் கிளார்க் வேலை. எங்கள் மகளுக்கு அப்போது பேச்சு வரத் தொடங்கியிருந்தது. மற்றப் பிள்ளைகளோடு அவளும் பகல் முழுக்க அந்தக் காம்பராவில்தான் இருப்பாள்.

சென்ற வருடத்து மாரி மழை தை பிறந்தும் விடவில்லை. கிளப் கட்டடத்தில் காலணி வைக்கும் அலுமாரிகளைத் திறந்தால் பச்சைப் பூஞ்சணம் மூக்கில் அடித்தது. திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தோம், காயப்போட இடமில்லை. கதிரைகளின் மெத்தை உறைகளைச் சமையலறை அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். அவற்றில் கருவாட்டு வாசம் ஏறிவிட்டது என்று விருந்தினர் ஒருவர் முறையிட்டார். வெளியே அதைவிட மோசம். ஆட்டத்துக்குத் தடையாக வைத்த மணல் குழிகளில் இருந்த வெள்ளை மணல் முழுவதும் கழுவுண்டு பாதையில் கிடந்தது. புல் வெட்டும் இயந்திரத்தை இறக்கினால் சக்கரம் புதைந்தது. இரவில் காட்டுப்பன்றிகள் வந்து மண்புழுவுக்காக உழுதுவிட்டுப் போயின.

எல்லாவற்றையும்விட என் கணவரை வாட்டியது மேட்டில் இருந்த ஒரு கிரீன். கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்வெளியைக் கிரீன் என்பார்கள். அதற்கு அடியில் புதைத்திருந்த குழாய்களை வண்டல் அடைத்துவிட்டது. தண்ணீர் இறங்க வழியில்லாமல் புல் அழுகத் தொடங்கியது. மாசி மாதம் பெரிய போட்டி ஒன்று நடத்துவதாகத் தொரை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லியிருந்தார். இவர் தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லில் நடந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்து, "சோத்துல மிதிக்கிற மாதிரி இருக்கு" என்பார். அதற்குப் பிறகு தேநீர் குடிக்கக்கூடப் பிடிக்காது அவருக்கு.

குழாயைத் தோண்டி எடுத்தால் போட்டிக்கு முன் மூட முடியாது. அதனால் பழைய கானைத் திறந்தார். தேயிலை மலைகளில் தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்காக வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், அதற்குத்தான் கான் என்று பெயர். மைதானம் போட்டபோது எல்லாவற்றையும் மண் போட்டு மூடினார்கள். எந்தக் கான் எங்கே ஓடியது என்று இவருக்கு நினைவிருந்தது. சின்ன வயதில் அதற்குள் ஓடி விளையாடியவர். நாலு பேரை வைத்துக்கொண்டு வெட்டினார். அன்று பின்னேரமே கிரீனில் நின்ற தண்ணீர் இறங்கியது. தொரை வந்து அவருடைய தோளில் தட்டினார். பெண்களுக்கும் சந்தோஷம். கிரீன் பிழைத்தால்தான் போட்டி, போட்டி நடந்தால்தான் எல்லோருக்கும் பேர் விழும். ஒரு நாள் வேலை கிடைப்பதை இங்கே பேர் விழுவது என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் கான் பிள்ளைக் காம்பராவின் பின்சுவரை ஒட்டித்தான் போகிறது.

தேயிலை இருந்த காலத்தில் தண்ணீர் செடிகளின் வேர்களுக்குள் நின்று நின்று வந்ததாம், கானின் அடியிலும் கல் பதித்திருந்ததாம். இப்போது ஒட்ட வெட்டிய புல்லில் விழுந்த மழை அப்படியே மொத்தமாக வந்தது. கல் எங்கே போனதோ தெரியாது. சுவரின் அடியில் ஈரம் ஏறியது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சுவரில் ஒட்டியிருந்த பழைய கலண்டர் படங்கள் கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஒரு நாள் மகளைத் தூக்கப் போனபோது சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மண் நகக் கண்ணில் ஏறியது. அன்றைக்கே அவளுக்கு இருமல் தொடங்கியது. அந்த ஈரத்தால்தான் வந்ததா, ஊரெல்லாம் பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்ததால் வந்ததா என்று அப்போதும் யோசித்தேன்.

களை பிடுங்கும் பெண்களில் இரட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி இருக்கிறாள். பேசப் பயப்படாதவள். அலுவலக ஜன்னலில் வந்து நின்றாள்.

"தங்கச்சி, ஒங்க வீட்டுக் கங்காணிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. புள்ளைகள குளிப்பாட்ட தண்ணிப் பீலிக்குக் கொண்டுபோகத் தேவயில்ல. செவத்துல சாஞ்சாலே குளிச்சிருதுங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு, "மெய்யாவே சொல்லுங்க, என்ன" என்றாள்.

வீட்டில் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கான மூடினா கிரீன் போயிரும். கிரீன் போனா அதுகளுக்குத்தான் பேர் இல்ல. அதையும் அவகிட்ட சொல்லு."

"நான் எப்படிங்க சொல்றது?"

"கொஞ்சம் வெயில் வரட்டும். செவரு கல்லுக் கட்டு. எங்க தாத்தா காலத்துல கட்டினது, ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் சொன்னதிலும் இருந்தது. மறுநாள் அவளிடம், வெயில் வந்ததும் சரியாகிவிடுமாம் என்றேன். "வெயிலுக்கு யாரு கடுதாசி போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆனாலும் இரட்டைப் பிள்ளைகளைக் காம்பராவில் விட்டுத்தான் வேலைக்குப் போனாள். அவளுக்கு வேறு இடம் இல்லை. எனக்கு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளை எடுத்துக்கொண்டு பிலிமத்தலாவைக்குப் போனேன். அம்மா பார்க்க ஆசைப்படுகிறார் என்று அவரிடம் சொன்னேன். அது பொய்யில்லை, அம்மா எப்போதும் ஆசைப்படுகிறவர்தான். கண்டியில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் மாறும்போது திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். ஏறிவிட்டேன். அன்று பின்னேரம் அவளை அங்கேயே விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை நான் தனியாக அலுவலகத்துக்குப் போனதை லயமே பார்த்தது. தேநீர் நேரத்தில் இரட்டைப் பிள்ளைக்காரிதான் வந்தாள்.

"பாப்பா எங்க?"

"அம்மா வீட்டுல. கொஞ்சம் இருமல்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப செவரு நிக்காதுன்னு கங்காணி வீட்டுல முடிவு பண்ணிட்டீங்க" என்றாள். அதில் கேலி இல்லை.

"அப்படியில்லக்கா."

"வேற எப்படி?"

சுவரைப் பற்றி நான் ஒரு முடிவுக்கும் வந்திருக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான். ஆனால் அவர்கள் பார்த்தது மேற்பார்வையாளரின் மனைவி தன் பிள்ளையை எடுத்துப்போனதை. உள் விஷயம் தெரிந்தவள் நான் என்று நினைத்தார்கள். எனக்கு அவர்களைவிட ஒன்றும் கூடுதலாகத் தெரியாது.

மறுநாள் காலையில் மழை இல்லை. ஒரு பிள்ளைகூடக் காம்பராவுக்குப் போகவில்லை. பெண்கள் பிள்ளைகளோடு வேலைக்கு வந்தார்கள். மேட்டுக் கிரீனின் ஓரத்தில் பாயை விரித்து, வெயிலுக்குப் பிடிக்கும் பெரிய கோல்ஃப் குடைகளை விரித்து, கைப்பிள்ளைகளை அதற்குக் கீழே படுக்கவைத்தார்கள். நடக்கும் பிள்ளைகளின் இடுப்பில் சேலைத்துண்டைக் கட்டி ஒரு முனையைத் தங்கள் இடுப்பில் முடிந்துகொண்டார்கள். அப்படியே குந்தி உட்கார்ந்து களை பிடுங்கினார்கள். அலுவலக ஜன்னலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு பிள்ளை கொடிக் குழிக்குள் கையை விட்டு எதையோ தேடியது.

தொரை இரண்டு விருந்தினரோடு வந்தார். அவர் சத்தம் போடவில்லை. என் கணவரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். பிள்ளைகள் மைதானத்தில் இருக்கக் கூடாது, பந்து பட்டால் யார் பொறுப்பு, காம்பராவில் என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறார். கான் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மூடு என்றார் தொரை. திறந்தபோது தோளில் தட்டியது அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ.

அன்று மத்தியானமே மணல் மூட்டை அடுக்கி இவரே கானை மூடினார். வெள்ளிக்கிழமை மறுபடியும் மழை பிடித்தது. கிரீன் குளமானது. புல் முதலில் மஞ்சளாகி, பிறகு கறுத்து, கையால் தூக்கினால் ஈரச் சாக்குப் போலக் கழன்று வந்தது. போட்டி வேறு இடத்துக்குப் போனது. மேட்டுப் பக்கத்தை அடைத்துவிட்டார்கள். பெண்களில் பாதிப்பேருக்குப் பேர் நின்றது. கண்டிக் கடைகளுக்கும் வீட்டு வேலைக்கும் அதிகாலை பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள், இல்லாவிட்டால் பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தினார்கள். காம்பராவை ஆயா பூட்டினாள்.

சுவர் காய்ந்தது. அடுத்து வந்த மழைக்கும் நின்றது.

இவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வெகு நாள் கழித்து, அம்மா வீட்டிலிருந்து கூட்டிவந்த மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, "என்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

யோசித்தார். "தெரியல" என்றார்.

இந்த வருடத்து மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மேட்டுப் பக்கத்தைக் கிளறிப் புதுக் குழாய் போட்டு, வரிசை வரிசையாகப் புல் பதிக்கப்போகிறார்கள். அதற்குக் கைகள் வேண்டும். பழைய பெண்களையே கூப்பிடலாம் என்று தொரையிடம் பேசி இவர் சம்மதம் வாங்கியிருக்கிறார். அவர்கள் வராவிட்டால் ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவருவார். காம்பராவைக் கூட்டித் துடைத்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். அடித்தது நல்லதா என்று தெரியவில்லை. ஈரம் எதுவரை ஏறியிருந்தது என்பதை இனி யாராலும் பார்க்க முடியாது. கட்டடத்தைச் சோதிக்க ஒருவரைக் கூப்பிட முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். வெள்ளை அடித்தாயிற்றே என்றார்கள்.

நேற்று இரட்டைப் பிள்ளைக்காரி வீட்டுக்கு வந்தாள். சென்ற வருடத்துக்குப் பிறகு வாசலைத் தாண்டி வருவது இதுதான் முதல் தடவை. கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். தேநீரையும் குடித்தாள்.

"எல்லாரும் பேசிட்டோம், தங்கச்சி. வாறோம். டவுனுக்குப் போயி வந்து முதுகு ஒடிஞ்சி போச்சு. ஆனா ஒண்ணு. திங்கக்கெழம மொதல்ல ஒங்க பாப்பாவக் கொண்டாந்து காம்பராவுல விடுங்க. பொறகு நாங்க விடுறோம்."

"அவளுக்கு நெஞ்சு சளி இன்னும் விடலக்கா. டொக்டர் ஈரத்துல வைக்காதீங்கன்னு சொல்லியிருக்காரு."

"எங்க புள்ளைகளுக்கு டொக்டர் அப்படிச் சொல்லலன்னு நெனச்சீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

கண்டியில் மருத்துவர் சொன்னது உண்மை. பிலிமத்தலாவையில் மகளைப் பார்த்துக்கொள்ள அம்மா தயாராக இருக்கிறார் என்பதும் உண்மை. நான் மகளை விடாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள், வேலை வெளியாட்களுக்குப் போய்விடும். விட்டால், பகல் முழுக்க ஜன்னலில் நின்று அந்தத் தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை இரண்டு நாள் மட்டும் விட்டுப் பிறகு எடுத்துவிடலாம் என்றும் ஓர் எண்ணம் வந்தது. அது விடாமலே இருப்பதைவிட மோசமானது என்று தோன்றியதால் அதை யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம் கேட்டேன். "நீ சொல்றதுதான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பாரமாகத்தான் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய லயங்களிலோ காம்பராக்களிலோ பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். கட்டட வேலை தெரிந்தவர்களும் இருக்கலாம். வெள்ளை அடித்த சுவருக்குள் ஈரம் இருக்கிறதா என்று நாங்களாகவே பார்த்து அறிய ஏதாவது வழி இருந்தால் எழுதுங்கள். வழி இல்லையென்றால் நீங்கள் என் இடத்தில் என்ன செய்வீர்கள் என்றாவது சொல்லுங்கள். இருமும் பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் கொண்டுபோய் விடுவீர்களா, அல்லது அந்தப் பெண்களை உட்காரவைத்து, என்னால் முடியாது என்று முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? திங்கட்கிழமை காலையில் நான் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும். அதற்குள் உங்கள் பதில் வந்து சேராது என்று தெரியும். பிந்தி வந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.