அரண்மனைக்குப் போகிற வழி

கிங்ஸ்டனில் எந்தத் தமிழர் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் இம்மாகுலேற்றுக்கு ரெலிபோன் வரும். "இம்மாக்கா, ஜெர்மனியிலயிருந்து மச்சாள் வந்து நிக்கிறா. ஒருக்கா ஊரைச் சுத்திக் காட்டிவிடுங்கோவன்." வேறு யாருக்கும் அது தலைவலி. இம்மாகுலேற்றுக்கோ அல்வா சாப்பிடுகிற மாதிரி.

எண்பத்து நாலில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், தேம்ஸ் கரையில், தெருவெல்லாம் மாணவர்கள் புத்தகப் பையோடு திரிகிற இந்த ஊரில், கல்லூரிக் கன்ரீனில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் கதைக்க ஆளில்லை. லீவு நாளில் அறைக்குள் இருந்து அழுகிறதை விட நடக்கலாம் என்று நடந்தாள். நடந்து நடந்தே ஊரைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். கல்லூரி பிறகு பல்கலைக்கழகம் ஆனது. அவள் மட்டும் "எங்கட கொலிஜ்" என்றுதான் சொல்வாள், ஏதோ அவள் கையெழுத்துப் போட்டுத்தான் அங்கே சம்பளம் கொடுக்கிறார்கள் போல.

சும்மா சொல்லக் கூடாது, அவள் காட்டுகிற ஊர் நல்ல ஊர். முதலில் கல்லூரி வாசலில் நிறுத்தி ஒரு படம். ஊருக்கு அனுப்பினால் படிக்கிற ஆள் மாதிரி இருக்குமாம். பிறகு பழைய ராசாக்கள் முடி சூடிய கல். அதைப் பற்றி அவள் சொல்லும்போது, அன்றைக்குப் பந்தியில் பரிமாறியவளே அவள்தானோ என்று தோன்றும். அடுத்தது, ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் சிவப்பு ரெலிபோன் பெட்டிகள். வேண்டுமென்றே அப்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னாலும் ஒரு கொழும்பு மாமா கேட்கவில்லை. கவுன்சிலுக்கு அறிவிக்காமல் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டார். அப்புறம் சந்தை, ஆறு, அன்னங்கள், பாலத்துக்கு அப்பால் மான்கள். கடைசியில் பஸ் ஏறிப் போய் ஹம்ப்டன் கோர்ட் அரண்மனை.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வழியில் யார் வீட்டுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. இது பட்டுத் தெளிந்த பாடம். ஒருமுறை பரிஸ் மாமா ஒருவரைக் கூட்டிப் போகும்போது, தெரிந்த வீடொன்றில் தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நுழைந்தாள். நம்முடைய ஆட்களைப் பற்றித் தெரியாதா? ஒரு வீட்டுக்குப் போய் அடுத்த வீட்டுக்குப் போகாவிட்டால் ஆறு மாதத்துக்கு முகம் நீளும். வீடு வீடாகத் தேத்தண்ணி குடித்துப் பொழுது பட்டுவிட்டது. மாமா ஒரு அன்னத்தையும் காணாமல் திரும்பிப் போய், "கிங்ஸ்டனில தேத்தண்ணி திறம்" என்று சொல்லித் திரிந்தார். இம்மாகுலேற்றுக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு தமிழர் வீடு இருக்கிற தெருக்களை ஒதுக்கி, பின்பக்கச் சந்துகளாலேயே விருந்தாளிகளைக் கொண்டுபோனாள்.

தொண்ணூற்றாறு ஜூனில் அவளுடைய தங்கை எமில்டா வந்தாள்.

பன்னிரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறார்கள். எமில்டா நோர்வேயின் வட கோடியில், மீன் தொழிற்சாலையை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரில் குடியிருந்தாள். இப்போது கையில் நோர்வே பாஸ்போர்ட் இருந்தது. விரும்பினால் லண்டனுக்குக் குடிபெயரலாம். அவள் புருசன் கிறிஸ்துராஜா, "நீ போய்ப் பார்த்துக்கொண்டு வா. உனக்குப் பிடிச்சால் வருவம், இல்லாட்டி இஞ்சயே கிடப்பம்" என்று அனுப்பியிருந்தான்.

தங்கை வந்துவிட வேண்டும் என்று இம்மாகுலேற்றின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் வாய் திறந்து வா என்று கேட்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். கேட்டு வரவழைத்தால் நாளைக்கு வாடகை கூடினாலும் பிள்ளைக்குத் தடிமன் காய்ச்சல் பிடித்தாலும் அக்காவின் தலையில்தான் விழும். ஊரைக் காட்டுவோம், ஊரே கேட்கட்டும் என்று சனிக்கிழமை காலை தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ராசாக்களின் கல்லைப் பார்த்து எமில்டா "ம்" என்றாள். சரிந்த பெட்டிகளுக்குச் சின்னதாக ஒரு சிரிப்பு. ஆற்றங்கரையில் இம்மாகுலேற் கையை வீசிக் காட்டி, "எப்பிடி?" என்றாள்.

"வடிவா இருக்கு அக்கா. எங்கட பக்கம் கடலுக்குள்ள திமிங்கிலம் வரும். சமையலறை ஜன்னலாலயே தெரியும்."

அவள் பெருமைக்குச் சொல்லவில்லை. இம்மாகுலேற் நடையை எட்டிப் போட்டாள். மான்களிடம் போனார்கள்.

"இதுகள் பாவங்கள், சின்னன். அங்க கலைமான் ரோட்டை மறிச்சுக்கொண்டு நிக்கும். பள்ளிக்கூட பஸ் ஹோர்ன் அடிச்சு அடிச்சுக் களைச்சுப்போகும்."

திமிங்கிலத்துக்கும் கலைமானுக்கும் எதிரே இம்மாகுலேற் எதை நிறுத்துவாள்? அரண்மனை ஒன்றுதான் மிச்சம். அதற்கு முன் மழைச் சட்டையை வீட்டில் விட்டுவிட்டு பஸ் பிடிக்கலாம் என்று அவசரத்தில் குறுக்கு வழியால் திரும்பினாள். பாதித் தெரு போன பிறகுதான் அது தமிழர் தெரு, யாழ்ப்பாணத்துத் தவநாயகியின் வீடு இருக்கிற தெரு என்று உறைத்தது.

"இம்மாக்கா!" என்று முன்வாசலில் பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தவநாயகி கூப்பிட்டாள். அடுத்த கணம் வாளி கீழே விழுந்தது. "இது ஆர்? எடியே, நீ எமில்டா எல்லோ!"

இருவரும் கொன்வென்ற்றில் ஒரே வகுப்பு என்பதை இம்மாகுலேற் அடியோடு மறந்துபோயிருந்தாள். நடுத்தெருவில் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை ஒரு கார் சுற்றிக்கொண்டு போனது.

"பஸ்ஸுக்குப் போகவேணும்" என்றாள் இம்மாகுலேற்.

"அஞ்சு நிமிசம் அக்கா" என்று தவநாயகி கையைப் பிடித்து இழுத்தாள்.

நம்முடைய ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதலில் தேத்தண்ணி, பிறகு "சாப்பிடாமல் போக ஏலாது". வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பாலேந்திரா அண்ணை தலையை நீட்டி, "அங்க வந்திட்டு எங்கட வாசல் தெரியேல்லையோ?" என்றார். அங்கே போனால் எதிர் வீடு. எதிர் வீட்டில் வடை சுட்டார்கள். சுற்றி மறுபடியும் தவநாயகியின் குசினியில் வந்து நின்றபோது அரண்மனைக் கதவு மூடுகிற நேரமாகிவிட்டது. இம்மாகுலேற்றுக்கு அழுகை முட்டியது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த தங்கை, கலியாண வீட்டு வேலைக்காரி போலக் குந்தியிருந்து வெங்காயம் உரிக்கிறாள். கன்னியாஸ்திரி மதரின் குடைக்குள் ஓணான் விட்ட கதையைச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். வெங்காயமா சிரிப்பா என்று தெரியவில்லை.

புறப்படும்போது தவநாயகி ஒரு புட்டுப் பானையை எடுத்து நீட்டினாள். "என்னட்டை ரெண்டு இருக்கு. கொண்டு போ."

எமில்டா அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டு, பானையைத் திரும்ப அலுமாரித் தட்டிலேயே வைத்தாள். இம்மாகுலேற் அதைப் பார்த்தாள். ஒரு பானைகூட இந்த ஊரிலிருந்து வேண்டாம் என்கிறாளே, அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டாள்.

வெயில் இன்னும் சாயவில்லை. எதிர் வீட்டில் கட்டிக் கொடுத்த வடைப் பொட்டலத்தோடு இருவரும் நடந்தார்கள்.

"காட்டவேண்டியதைக் காட்ட முடியாமல் போச்சு" என்றாள் இம்மாகுலேற். "அரண்மனை எவ்வளவு வடிவு தெரியுமோ?"

"அக்கா, அங்க பார்க்கிறதுக்கு எல்லாம் இருக்கு. மலை இருக்கு, கடல் இருக்கு, ராவில வானமே பச்சையா ஆடும். சனிக்கிழமையெண்டால் நானும் அவரும் வெளிக்கிட்டு நிப்பம். போறதுக்கு ஒரு வீடு இல்லை." எமில்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இண்டைக்கு என்னை எத்தனை பேர் கோவிச்சவை! வரேல்லையெண்டு கோவிக்க எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை."

இம்மாகுலேற் நின்றுவிட்டாள். "அப்ப அந்தப் பானையை ஏன் வேண்டாமெண்டனி?"

"ஆர் வேண்டாமெண்டது? பிளேனில கொண்டுபோய் திரும்பக் கொண்டாறதே? வந்து எடுக்கிறன், வைச்சிரு எண்டனான்."

"எப்ப?"

"பள்ளிக்கூடம் துடங்க முந்தி."

"அதை எனக்குச் சொல்லாமல் அவளுக்கோ முதலில சொன்னனி?" என்று இம்மாகுலேற் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டாள். சத்தம் போட்டபடியே அழுதாள். அழுகையோடு தங்கையின் தலையில் ஒரு குட்டும் வைத்தாள். எமில்டா வடைப் பொட்டலத்தைப் பிரித்து அக்காவின் வாயில் ஒன்றைத் திணித்தாள்.

ஆகஸ்டில் கிறிஸ்துராஜாவும் பிள்ளைகளும் வந்து, தவநாயகி வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளிக் குடியேறினார்கள். இம்மாகுலேற் இப்போதும் விருந்தாளிகளைக் கூட்டிப் போகிறாள், இப்போது அந்தத் தெருவாலேயே. எமில்டா வாசலில் காத்து நிற்பாள்.

"அஞ்சு நிமிசம் அக்கா" என்பாள், புட்டு அவிகிற வாசம் பின்னால் வர.

அரண்மனையை எமில்டா இன்னும் பார்க்கவில்லை.