முகம் ஒத்துப் பார்த்த காலை

லண்டனில், லூயிஷாமில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினி என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே உதவிச் சமையலுக்கு ஆள் தேடியபோது வந்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உருவம். தலையைச் சுற்றி நீலத் துணி கட்டியிருந்தார். சமைத்துக் காட்டச் சொன்னோம். மேலே உருளைக்கிழங்கு பரப்பிச் சுட்ட மீன் பை ஒன்றும், பல் இல்லாதவர்களும் விழுங்கக்கூடிய பதத்தில் மசித்த கரட்டும் செய்தார். ருசி பார்த்த மேனேஜர் இரண்டாவது கரண்டியும் எடுத்தார். அன்றைக்கே அவர்தான் என்று முடிவாகிவிட்டது.

ஆனால் இந்த நாட்டில் முதலாளிக்குப் பிடித்தால் மட்டும் போதாது. வேலை தொடங்குமுன், வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் இல்லத்தில் அதைப் பார்ப்பவள் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. இருபத்தாறு வயது. ஆங்கிலம்தான் வாயில் முதலில் வரும். எங்களோடு பேசும்போது மட்டும் வீட்டுத் தமிழை எடுப்பாள். அவளைக் கண்டால் பலருக்கு எரிச்சல். மேனேஜரின் மருமகன் வேலைக்கு வந்தபோதுகூட, பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தால்தான் வேலை என்று வீட்டுக்கு அனுப்பியவள். ஒரு தாளுக்காக இவ்வளவா என்று நானும் அப்போது நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை புதியவரை அவளுடைய அறைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கதிரையில் உட்கார்ந்ததும் அவர் கைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்துக் கொடுத்தார். அரசாங்கத்தின் இணையத்தளத்தில் எடுத்த ஒன்பது எழுத்துக் குறியீடு அதில் இருந்தது. அதையும் பிறந்த திகதியையும் போட்டால், ஆளின் படமும், வேலை செய்யலாமா, எதுவரை செய்யலாம் என்பதும் கணினித் திரையில் வந்துவிடும்.

வந்தது. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. திரையில் இருந்த பெண்ணுக்கு உருண்ட முகம். தோளுக்குக் கீழே விழும் அடர்ந்த தலைமயிர். கதிரையில் இருந்தவருக்கோ கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புருவத்தைப் பென்சிலால் வரைந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் கதவால் எட்டிப் பார்த்தார். நல்ல மனிசர்தான், ஆனால் எதற்கும் அவசரம். திரையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது அவர் இல்லையே. இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டுவிடலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். சத்தமாகத்தான் கேட்டார். புதியவரின் கை தலைத்துணியின் ஓரத்துக்குப் போனது.

பிள்ளை எழும்பினாள். "படத்தையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சட்டம் சொல்கிறது. நான் இன்னும் ஒப்பிடவே தொடங்கவில்லை" என்று அவருக்கு ஆங்கிலத்திலேயே சொன்னாள். பிறகு கதவைச் சாத்தினாள். கண்ணாடி யன்னலின் திரையையும் இறக்கினாள். என்னிடம் திரும்பி, "அன்ட்டி, நீங்களும் வெளியில நிக்கவேணும்" என்றாள்.

"அக்கா இருக்கட்டும்" என்றார் புதியவர், என்னைக் காட்டி.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. "பிள்ளை, இவவை நான் கோயிலிலயும் கண்டிருக்கிறன். இவதான். நான் சொல்லுறன், நீ சரி எண்டு போட்டுவிடு" என்றேன்.

"நீங்கள் சொல்லி நான் போட ஏலாது அன்ட்டி. நான் பார்த்து எனக்குத் தெரியவேணும்."

குரலில் கடுமை இல்லை. ஆனாலும் எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. என் முதல் வேலை வெஸ்ட் ஈலிங்கில் ஒரு உணவுக்கடையில். அங்கே முதலாளி என் அகதிக் கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். என் முகத்தை ஒருதரமும் பார்க்கவில்லை. இவளும் அந்த வகைதான் என்று அந்த நிமிடம் எண்ணினேன்.

புதியவர் மெல்லச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கு தங்கச்சி. போன வருசம் முழுக்க எனக்கு..."

பிள்ளை கையை உயர்த்தி மறித்தாள். "சொல்லவேண்டாம் அக்கா. அது உங்கட விஷயம். இந்த வேலைக்கு நான் அதைக் கேக்கவும் கூடாது, பார்க்கவும் தேவையில்லை. வேற படம் ஏதும் இருக்கோ? பழைய பாஸ்போர்ட் எண்டாலும் சரி."

இருந்தது. அதில் இருபது சொச்சம் வயதுப் பெண், கழுத்தெலும்பு தெரிய மெலிந்தவர். பிள்ளை அந்தப் படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். பிறகு தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்காமல், அவருக்கு அருகிலேயே இருந்தாள். திரையை இருவரும் பார்க்கிற மாதிரித் திருப்பிவிட்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பம்" என்றாள்.

புதியவர் தன் பழைய முகத்தைக் கனநேரம் பார்த்தார். "இவவை நானே கண்டு கனநாள்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். பிள்ளை அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கீழுதட்டுக்குக் கீழே ஒரு சிறு தழும்பு, மூன்று முகத்திலும் ஒரே இடத்தில். சின்ன வயதில் படியில் விழுந்தது என்றார் புதியவர். காதைப் பார்க்கலாமா என்று பிள்ளை கேட்டாள். அவரே துணியை மெல்ல மேலே தூக்கினார். காதின் கீழ்நுனியான சோணை கன்னத்தோடு ஒட்டியிருந்தது. படங்களிலும் அப்படியே. மூக்கின் நுனி ஒருபக்கம் சற்றுச் சாய்ந்திருந்ததை நான்தான் முதலில் கண்டு சொன்னேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரத்திலும் பிள்ளை ஒருதரமாவது அவருடைய தலையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

"நீங்கள்தான் அக்கா. எனக்கு இப்ப ஒரு சந்தேகமும் இல்லை" என்றாள். பக்கத்தை அச்சிட்டாள். திகதியும் தன் பெயரும் எழுதிக் கோப்பில் வைத்தாள். அனுமதி எந்த மாதம் முடிகிறது என்பதைக் கலண்டரில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்னரே ஞாபகப்படுத்துவதாகவும் சொன்னாள். பிறகு மேனேஜரைத் தேடிப்போய் வியாழக்கிழமை அவருக்கு முதல் ஷிப்ட் என்று அறிவித்தாள். இனி ஒருவரைச் சோதிக்கும்போது கதவைத் தட்டிவிட்டு வரும்படியும் சொன்னாள். அவர் சிவந்துபோனார். மத்தியானம் குசினிக்கு வந்து புதியவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்று என்னை விசாரித்தார். அன்றைக்கு வந்து கேட்கவும் செய்தார்.

அன்று பின்னேரம் ஸ்டேஷன் வரைக்கும் பிள்ளையோடு சேர்ந்து நடந்தேன். "அந்த மனிசிக்கு நல்லது செய்தனி" என்றேன்.

"இல்லை அன்ட்டி. எனக்கு முதல்ல உண்மையாவே சந்தேகம் வந்தது. அதாலதான் அவ்வளவு நேரம் பார்த்தனான்."

"ஒத்து வராட்டி?"

"வேலைக்கு விட்டிருக்க மாட்டன்."

அந்தப் பதில் எனக்கு உடனே பிடிக்கவில்லை. ரெயில் ஏறி இருந்த பிறகுதான் மெல்ல மெல்லப் பிடித்தது. பாவம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். சந்தேகத்தோடேயே ஆளைக் கீழே தள்ளுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். சந்தேகப்பட்டுக்கொண்டே ஒருவரை மரியாதையாக வைத்திருந்தவளை இந்த நாட்டில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

இப்போது காலை ஏழு மணி ஷிப்ட் புதியவருடையது. கஞ்சிக்கு உப்புக் குறைவாகப் போடுகிறார் என்று நான் அவரோடு சண்டை பிடிக்கிறேன். அவர் விட்டுக்கொடுப்பதில்லை.