ஞானப்பூ அம்மாளின் நோட்டும் என் நகலும்

ஞானப்பூ அம்மாள் பொய் எழுதவில்லை. அந்தப் பொய்யை எழுதியவன் நான்.

நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவர் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. மாதந்தோறும் அவர் மிஷனுக்கு அனுப்பிய அறிக்கைகள் அதில் உண்டு; ஒவ்வொன்றின் அடியிலும் அவர் கையொப்பம். கடைசித் தாளில் கமிட்டியின் தீர்மானம்: பொய்யறிக்கை கொடுத்தமையால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பீர்கள்.

என் சாட்சி வேண்டும். அதைத்தான் அறுபது ஆண்டுகளாக நான் சொல்லவில்லை...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே ஓர் ஊர். அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் உதவி வாத்தியார். ஞானப்பூ அம்மாள் எங்கள் சபையின் பைபிள் உமன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லித்தருவது அவர் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கைம்பெண்.

எப்பேர்ப்பட்ட மனுஷி! விடிந்ததும் பழங்கஞ்சி குடித்துவிட்டு, ஓலைக்குடையும் கூடையுமாக வரப்பில் இறங்கிவிடுவார். வெள்ளாளர் வீடுகளில் அவரைப் பின்முற்றத்துக்கு மேல் விடமாட்டார்கள். அதற்காக முகம் சுளித்ததில்லை. முற்றத்து மணலிலேயே குந்தி, விரலால் எழுத்து வரைந்து காட்டுவார். காய்ச்சல் வீடென்றால் அன்றைக்கு வேதமும் இல்லை, பாடமும் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்கு நடந்து மருந்து வாங்கி வந்துவிட்டுத்தான் மறு வேலை.

பென்சிலால் ஒரு நோட்டில் அன்றாடம் எழுதிவைப்பார். பேசுகிறபடியே எழுதுவார். "இண்ணைக்கி நாலு வீடு. மூணு வீட்டில கதவு தொறக்கல்ல. ஒரு வீட்டில வேதம் படிச்சேன், அவ ஒறங்கிப்போனா. பாவம், நாத்து நட்ட அசதி." இப்படி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வராது.

மாதக் கடைசியில் அந்த நோட்டை வாங்கி, நல்ல தமிழில், மையால், மிஷன் தாளில் நகல் எடுப்பது என் பொறுப்பு. அவர் அதை வாசித்துப் பார்க்காமலே கையொப்பமிடுவார். அத்தனை நம்பிக்கை என்மேல்!

மற்றப் பைபிள் உமன்களின் அறிக்கைகளில் பெண்கள் கண்ணீர் வடிப்பார்கள், மனந்திரும்புவார்கள், முழங்காலில் நிற்பார்கள். நகல் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு கை உப்புப் போடுவது வழக்கம்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். ஞானப்பூ அம்மாளின் அறிக்கையில் மட்டும் பெண்கள் உறங்கிப்போவார்கள். கமிட்டியில் அதை வாசிக்கும்போது சிரிப்பார்கள். பத்துப் பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்கிறாள், அவளைப் பார்த்தா இளிக்கிறீர்கள்!

அந்த மரியாதையால்தான் நானும் உப்புப் போட்டேன் என்று இத்தனை காலமும் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். முழுக்க அதுதானா? நகல் நன்றாயிருக்கிறது என்று, மிஷனை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள் வாயால் கேட்க வேண்டுமென்ற ஆசையும் எனக்கு இருந்ததே...

ஆவுடையம்மாள் என்று ஒரு பெண், அடுத்த ஊரில் பெரிய வெள்ளாளர் வீட்டு மருமகள். அவள் மகளைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மகள் எழுதும் கடிதங்களைக் கொழுந்தன்தான் வீட்டார் எல்லாரும் கேட்க உரக்க வாசிப்பான். மகளின் கடிதத்தைத் தானே தனியாக வாசிக்க வேண்டும். ஆவுடையம்மாளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஞானப்பூ அம்மாள் நோட்டில் எழுதியிருந்தார்: "ஆவுடையம்மைக்கி இண்ணைக்கி 'ம' எழுத வந்தாச்சு. வேதம் பேசல்ல. அவ கேக்கட்டு, அப்பம் பேசலாம்."

அதை நகலெடுக்கும்போது நான் சேர்த்தேன்: "இவள் இரகசியமாக ஜெபிக்கிறாள். நெற்றியில் நீறு பூசுவதையும் விட்டுவிட்டாள்."

சைவ வீட்டு மருமகள் நீறு பூசுவதை விட்டாள் என்றால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று வேதக்கார வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லை. அழகான முடிவென்று நினைத்தேன்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மிஷன் பத்திரிகையில் அது ஊர்ப்பெயரோடு அச்சாகிவிட்டது. தக்கலைத் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அவர்கள் உறவுக்காரர் ஒருவர் கையில் அது கிடைத்தது. புது விசுவாசியைப் பார்க்கத் துரைசாணி அம்மாள் போனபோது கதவு பாதிதான் திறந்தது. நெற்றி நிறைய நீறோடு ஆவுடையம்மாள் வந்து நின்று, தனக்கு ஒன்றும் தெரியாது, எழுதியது முழுப் பொய் என்று சொன்னாளாம். அவளுக்குப் பின்னால் கொழுந்தன் நின்றிருந்தானாம். அன்றோடு பின்முற்றமும் அடைபட்டது.

கமிட்டி கூடியது. கையொப்பம் உன்னுடையதா என்று ஞானப்பூ அம்மாளிடம் கேட்டார்கள். தன்னுடையதுதான் என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நோட்டில் உள்ளபடியே எழுதினேன்" என்றேன்.

நோட்டு எங்கே என்றார்கள். அம்மாளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அது என் பெட்டிக்குள் இருந்தது!

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாரா? எத்தனையோ வருடம் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"எனக்க வேல போனது போகட்டு, மக்கா. ஆவுடையம்மைக்கி இன்னும் கொம்பும் காலும் சொல்லிக் குடுக்கல்லியே. மவளுக்க கடுதாசிய இனி அவ எப்பிடி வாசிப்பா?"

அவர் தக்கலையில் தம்பி வீட்டுக்குப் போய், சில ஆண்டுகளில் அங்கேயே இறந்தார். நான் தலைமை வாத்தியார் ஆனேன். கல்லறைக்குக்கூடப் போகவில்லை. ஆவுடையம்மாள் வாசிக்கக் கற்றாளா என்று விசாரிக்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது எனக்கு எண்பது கடந்துவிட்டது. போன மாதம் அந்த நோட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். நோட்டைக் கொடுத்துவிட்டால் போதும், அவர் எழுத்தே அவருக்காகப் பேசிவிடும், நான் பேச வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். சாகப்போகிற வயதிலும் கோழையின் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்!

அங்கிருந்த காப்பாளர் ஓர் இளம்பெண். நோட்டை வாங்கி, பக்கம் பக்கமாக மெல்லப் புரட்டினார். அவர் கண்ணில் தெரிந்த மரியாதையைக் கண்டு என் நெஞ்சு நிறைந்தது. அறுபது ஆண்டுக்குப் பின் ஒருவர் ஞானப்பூ அம்மாளை வாசிக்கிறார்! பிறகு கோப்பிலிருந்த அறிக்கையை எடுத்து, நோட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தீர்மானத்தையும் பள்ளி உதவி ஆசிரியரின் சாட்சியத்தையும் மறுபடி படித்தார்.

"இது ரொம்ப முக்கியமான நோட்டு, ஐயா. அந்தம்மா ரெண்டு நோட்டு வச்சிருந்திருக்காங்க. தனக்கு உள்ளத எழுதிக்கிட்டு, மிஷனுக்குக் காட்டப் பொய்யா வேற ஒண்ணு எழுதியிருக்காங்க. கமிட்டி சொன்னது சரிதான்னு இப்பத் தெளிவாயிடுச்சு."

இது உங்களிடம் எப்படி வந்தது என்று அடுத்துக் கேட்டார், எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தபடி.

"அம்மாளே கொடுத்தது" என்றேன்.