காஜா வைத்த பரீட்சை

கல்வெட்டுகளின் பழைய வட்டெழுத்தை வாசிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது. கல்லூரியில் கற்றல் உளவியல் பாடம் நடத்தும் நண்பன் காஜா சில மாதங்களிலேயே வாசித்தான். எங்கள் வரலாற்றுக் குழுவில் எல்லோரும் அவனிடமே சந்தேகம் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“மனசை அளக்க முடியுமா? உம்ம பாடமெல்லாம் ஒரு அறிவியலா வே?” என்றேன்.

“சோதிச்சே பாத்திருவோம், வாரும்!”

எனக்குத் தெரியாத கிரந்த எழுத்துகளில் பாதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னான். மீதியை ஒருமுறை பார்த்ததும் மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னான். இவைதான் மனதில் நிற்கும் என்பது அவன் கணிப்பு. மறுவாரம் மேலப்பாளையத்தில் அவன் வீட்டில் பரீட்சை. மூடிவைத்துப் படித்தவைதான் கைக்கு வந்தன. அவன் தோற்கட்டுமென்று தப்பாக எழுத நினைத்தேன். மனம் வராமல் சரியாகவே எழுதினேன்.

குழுவில் பெருமையடிப்பான் என்று பார்த்தால், “ஒம்ம ஒருத்தர வச்சு முடிவு சொல்லக் கூடாது வே. நான் எங்கன தப்பு பண்ணியிருக்கேன்னு பாக்கணும்,” என்றான்.

ஜெயித்த வாதம் எதையும் நான் அப்படிச் சந்தேகித்ததில்லை. அவன் வட்டெழுத்து வாசிப்பது இப்போது எனக்கு உறுத்தவில்லை, இதுதான் உறுத்துகிறது.